மறுநடவு

உரைநடை உலகம்

நுழையும்முன்

வெள்ளம் வடிந்தபின் அழுகிய நாற்றைப் பறித்தெறிந்துவிட்டு, அதே வயலில் மீண்டும் நாற்று நடுவதைக் காவிரிப் படுகையினர் மறுநடவு என்பர். முதல் நடவில் போன விதையும் கூலியும் திரும்ப வாரா. எனினும் எந்த மேட்டில் நீர் வடிந்தது, எந்தப் பள்ளத்தில் தேங்கியது என்பதை முதல் நடவே உழவர்க்குக் காட்டியிருக்கும். அதனை அறியாமல் நடப்படும் மறுநடவு, அடுத்த மழையில் மீண்டும் அழுகும். தேர்வுகளுக்கும் இது பொருந்தும். சட்டக்கல்வி நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுத முனைவோர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

களஞ்சியம் நிற்கும் ஊர்

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்திற்கும் இடையே, தொடர்வண்டிப் பாதையில் அமைந்த ஊர் பாபநாசம். குடமுருட்டியும் திருமலைராசனும் பாயும் நெல்வயல்கள் இவ்வூரைச் சூழ்ந்துள்ளன. இங்குள்ள திருப்பாலைத்துறைப் பாலைவனநாதர் கோயில் வளாகத்தில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. மூவாயிரம் கலம் நெல்லைக் கொள்ளக்கூடியது அது. விளைந்த ஆண்டில் சேர்த்துவைத்து, விளையாத ஆண்டைக் கடந்த முன்னோரின் அறிவுக்கு அக்களஞ்சியம் சான்றாகும்.

இவ்வூர் உழவரின் வாழ்வு மழையையும் ஆற்றையும் மட்டும் சார்ந்ததன்று, சட்டத்தையும் சார்ந்தது. 1983ஆம் ஆண்டு காவிரிப் படுகை உழவர் சங்கம் ஒன்று ஆற்றுநீர் உரிமை வேண்டி உச்ச நீதிமன்றத்தை நாடியது. அவ்வழக்கில் 1990 மே 4 அன்று, நடுவர் மன்றம் அமைக்குமாறு நடுவண் அரசுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. அடுத்த மாதமே காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 2007 பிப்ரவரி 5 அன்று அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், கருநாடகம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய நீர் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என வரையறுக்கப்பட்டது. மனு கொடுத்த நாளுக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 34 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. வயலில் நின்றவர் குரலை நீதிமன்றம் கேட்கும் மொழியில் எடுத்துரைக்கச் சட்டம் கற்றோர் தேவைப்பட்டனர்.

குத்தகை நிலத்தில் உழுவோர்க்கு இத்தேவை இன்னும் நெருக்கமானது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகைதாரரை நினைத்த போதெல்லாம் நிலத்தைவிட்டு வெளியேற்றுவதைத் தடுக்கிறது. 1969ஆம் ஆண்டின் சட்டமொன்று குத்தகை உரிமையைப் பதிவேட்டில் எழுத வழிசெய்கிறது. வாய்மொழிக் குத்தகையில் உழுது, பதிவேட்டில் பெயரில்லாத குடும்பத்திற்கு இச்சட்டங்களைச் சொல்லித் தருவார் யார்?

முதல் தாள்

பாபநாசம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவள் தந்தை வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் பிடித்து உழுபவர். பயிர் அழிந்த ஓர் ஆண்டில் இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. ஏனெனில் நிலத்தின் பதிவில் அவர் பெயர் எங்கும் இல்லை. அலுவலகப் படிக்கட்டில் தந்தை காத்திருந்த நாளில்தான் சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு உண்டாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும்போதே தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொதுச் சட்ட நுழைவுத் தேர்வை எழுதினாள்.

'கிளாட்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இத்தேர்வு 2008ஆம் ஆண்டு முதன்முதலாக நடைபெற்றது. அதற்கு முன்னர் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே தேர்வு நடத்தியது. மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று எழுத நேர்ந்தது. இப்போது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு இதனை நடத்துகிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவாகித் திருச்சிராப்பள்ளியை அடுத்த நவலூர் குட்டப்பட்டில் இயங்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இத்தேர்வின் தரவரிசைப்படியே மாணவரைச் சேர்க்கிறது. பாபநாசத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் சென்றடையத்தக்க தொலைவு அது. ஆனால் அவ்வாயிலைத் திறக்கும் தேர்வு ஆங்கிலத்தில் நடைபெறுகிறது.

தேர்வு நடைபெறும் காலம் திசம்பர். அரையாண்டுத் தேர்வும் அம்மாதத்திலேயே வரும். பள்ளிப் பாடங்களுக்கிடையே கிடைத்த நேரத்தில் ஆயத்தமான அம்மாணவி, 120 வினாக்களுக்கும் விடை குறித்துவிட்டாள். ஒரு வினாவையும் விடவில்லை என்ற நிறைவோடு வெளியே வந்தாள். முடிவு வந்தபோது அவள் பெற்றிருந்தது 52.5 மதிப்பெண். விரும்பிய பல்கலைக்கழகத்தில் இடம் பெற அது போதவில்லை.

தெரிந்து தெளிவோம்

இளநிலைச் சட்ட நுழைவுத் தேர்வின் அமைப்பு: மொத்த வினாக்கள் 120, நேரம் 2 மணி. சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் குறைக்கப்படும். விடுத்த வினாவுக்குக் குறைப்பு இல்லை. நடப்பு நிகழ்வும் பொது அறிவும், சட்டத் தருக்கம் ஆகிய இரண்டும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூற்றுக்கு 25 பங்கு. ஆங்கிலம், தருக்கச் சிந்தனை ஆகியவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 பங்கு. கணக்கு 10 பங்கு. வினாக்கள் உரைப்பகுதிகளைச் சார்ந்து அமையும். உச்ச வயது வரம்பு இல்லை. மீண்டும் எழுதத் தடையும் இல்லை.

இலண்டனில் ஒரு மறுதேர்வு

தேர்வில் தவறி, மீண்டும் எழுதியோர் வரிசையில் உலகறிந்த சட்ட மாணவர் ஒருவர் உண்டு. பத்தொன்பது வயது நிரம்பும் காலத்தில், 1888ஆம் ஆண்டு, சட்டம் பயில இலண்டன் சென்றார் மோகன்தாசு கரம்சந்த் காந்தி. சட்டத் தேர்வுகளோடு இலண்டன் மெட்ரிகுலேசன் தேர்வையும் எழுத விரும்பினார். அதற்கு இலத்தீன் மொழி கட்டாயம். அவரோ அதுவரை இலத்தீன் அறியாதவர். ஐந்து மாதமே இருந்தது. நிமிடக் கணக்கில் கால அட்டவணை வகுத்துக்கொண்டு படித்தார். ஆயினும் இலத்தீனில் தேறவில்லை.

அவர் அடுத்துச் செய்தவை கருதத்தக்கவை. முதலாவதாக, தோல்வியின் இடம் எது என்று பார்த்தார். இலத்தீனில் அவருக்குச் சுவை பிறந்திருந்தது. எனவே அதனை விடாமல் தொடர்ந்தார். அறிவியலில் அவர் எடுத்திருந்தது வேதியியல். ஆய்வுகளைச் செய்து பார்க்கும் வாய்ப்பின்றிப் படித்ததால் அதில் நாட்டம் உண்டாகவில்லை. அதனை மாற்றி, வெப்பமும் ஒளியும் என்னும் பாடத்தை எடுத்துக்கொண்டார். இரண்டாவதாக, வாழ்க்கை முறையையே சுருக்கினார். இரண்டு அறைகளில் வாழ்ந்தவர் ஓர் அறைக்கு மாறினார். காலை உணவைத் தாமே சமைத்தார். நாளொன்றுக்கு ஒரு சில்லிங் மூன்று பென்சில் வாழ முடிந்தது. குடும்பத்தார் தமக்காகச் செலவிடும் பணத்தின் அருமையை உணர்ந்ததே இச்சிக்கனத்திற்குக் காரணம். 1890ஆம் ஆண்டில் மறுதேர்வில் வெற்றி பெற்றார். 1891 சூன் 10 அன்று வழக்கறிஞராக ஏற்கப்பட்டார்.

அவரைத் தோல்வியுறச் செய்த இலத்தீனே பின்னாளில் அவருக்குத் துணை நின்றது. உரோமானியச் சட்டத்தை இலத்தீன் மூலத்திலேயே அவர் படித்தார். தென்னாப்பிரிக்காவில் வழங்கியது உரோமானிய-டச்சுச் சட்டம். அதனைப் புரிந்துகொள்ள அப்பயிற்சி உதவியதாகத் தம் தன்வரலாற்றில் அவரே பதிவு செய்துள்ளார். நிமிடக் கணக்கிலான அட்டவணை முதல்முறை அவருக்கு வெற்றி தரவில்லை. மறுமுறை அவர் மேலும் இறுக்கமான அட்டவணையை நாடவில்லை. தவறிய இடத்தை அறிந்து மாற்றினார்.

பிழையேடு

பாபநாச மாணவி, முடிவு வந்த வாரத்தில் வினாத்தாளைத் திறக்கவில்லை. அவ்வாறு திறக்க மனம் வாராமை இயல்பே. மார்ச்சுப் பொதுத்தேர்வை முதலில் முடித்தாள். பின்னர், வெளியிடப்பட்ட விடைக்குறிப்பையும் தன் வினாத்தாளையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு தவற்றுக்கும் காரணம் எழுதத் தொடங்கினாள். இதற்கெனத் தனியே வைத்த குறிப்பேட்டைப் பிழையேடு எனலாம்.

அவள் எழுதிய 120 விடைகளில் சரியானவை 66, தவறானவை 54. தவறுகளுக்கான குறைப்பு 13.5. எனவே 66 இலிருந்து 13.5 கழிந்து 52.5 கிட்டியது. 54 தவறுகளையும் காரணப்படி பகுத்தபோது பின்வருமாறு அமைந்தன:

1. உரைப்பகுதியையோ வினாவையோ ஊன்றிப் படிக்காமல் செய்தவை – 21
2. உரைப்பகுதி தந்த விதியை விடுத்து, தன் மனத்துக்கு நியாயமெனப் பட்டதைக் குறித்தவை – 9
3. நடப்பு நிகழ்வு, பொது அறிவு ஆகியவற்றில் அறியாதவை – 12
4. இறுதிப் பத்து நிமிடங்களில் படிக்காமலே குறித்தவை – 12

பட்டியல் அவளை வியப்பில் ஆழ்த்தியது. அதுவரை, பொது அறிவு போதவில்லை என்றே அவள் நினைத்திருந்தாள். மறுமுறைக்கு இரண்டு தடித்த பொது அறிவு நூல்களை வாங்கவும் எண்ணியிருந்தாள். ஆனால் அறியாமையால் நேர்ந்த பிழைகள் 12 மட்டுமே. முதல் இரு வகைகளில், படித்த முறையால் நேர்ந்தவை 30. தவறான விடையொன்று சரியானால் இழந்த 1 மதிப்பெண்ணும் கழிந்த 0.25 மதிப்பெண்ணும் சேர்ந்து 1.25 கூடும். அந்த 30இல் பாதியைத் திருத்தினாலே 18.75 மதிப்பெண் கூடி, 52.5 என்பது 71.25 ஆகிவிடும். இரண்டு நூல்களும் தர இயலாத உயர்வு அது.

ஊகித்து விடை குறிப்பது பற்றியும் கணக்கிட்டுத் தெளிதல் வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு 16 வினாக்களுக்குக் குறித்தால், சராசரியாக 4 சரியாகும், 12 தவறாகும். பெறுவது 4, இழப்பது 3, மிஞ்சுவது 1. உரைப்பகுதியைப் படித்து, பொருந்தாத இரண்டு விடைகளை நீக்கியபின் எஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறித்தால், 16 வினாக்களில் சராசரியாக 8 சரியாகும், 8 தவறாகும். பெறுவது 8, இழப்பது 2, மிஞ்சுவது 6. குருட்டு ஊகத்தால் பெருங்கேடு இல்லை, பெரும்பயனும் இல்லை. படித்து நீக்கும் பழக்கமே பயன் தருவது.

பத்தாயிரம் சொற்கள்

ஏன் ஊன்றிப் படிக்க இயலவில்லை என்னும் வினா அடுத்து எழுகிறது. உரைப்பகுதி ஒன்று 450 சொற்கள் வரை நீளும். பகுதிக்கு ஐந்து வினாக்கள் எனக் கொண்டால் 120 வினாக்களுக்கு 24 பகுதிகள். கணக்குப் பகுதிகள் சற்றுச் சிறியன என்றாலும், இரண்டு மணி நேரத்தில் படிக்க வேண்டியவை ஏறக்குறைய பத்தாயிரம் சொற்கள். படிக்கவும் சிந்திக்கவும் குறிக்கவும் சேர்த்து ஒரு வினாவுக்கு ஒரு நிமிடமே உண்டு.

தமிழ்வழியில் பயின்றவர்க்கு இது கூடுதல் சுமை. ஆங்கிலத்தில் படித்து, உள்ளத்தில் தமிழாக்கி, மீண்டும் ஆங்கில விடைக்குத் திரும்பும் மாணவர், ஒரே வரப்பில் இருமுறை நடப்பவராகிறார். இது அறிவின் குறையன்று, பழக்கத்தின் குறை. பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தாலேயே மாற்றலாம். நாள்தோறும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றை எடுத்து, அதன் மையக் கருத்தையும் அதற்கு ஆசிரியர் காட்டும் காரணத்தையும் ஆளுக்கொரு வரியாகத் தமிழில் எழுதுதல் நல்ல தொடக்கம். தமிழில் சுருக்கி எழுத முடிந்ததே புரிந்தது என்பதற்குச் சான்று. சில மாதங்களில் இடைநிலைத் தமிழாக்கம் தானே குறையும். நடப்பு நிகழ்வுகளும் அதே உழைப்பில் மனத்தில் தங்கும். தனி நூல் தேவைப்படாது.

ஏரி உடைந்த வழக்கு

சட்டத் தருக்கப் பகுதியில் முன்கூட்டிய சட்ட அறிவு எதிர்பார்க்கப்படுவதில்லை. உரைப்பகுதியே விதியைத் தரும். அதனை நிகழ்ச்சியோடு பொருத்திப் பார்ப்பதே தேர்வரின் வேலை. மாணவியின் ஒன்பது பிழைகள் இங்குதான் நேர்ந்தன. விதியைப் பொருத்துதல் என்பது யாது என்பதற்கு உண்மை வழக்கொன்றைச் சான்றாகக் கொள்ளலாம்.

இங்கிலாந்தில் 1868ஆம் ஆண்டு ரைலண்ட்சு எதிர் பிளெட்சர் என்னும் வழக்கில் ஒரு விதி உறுதியானது. தன் நிலத்துக்கு இயல்பல்லாத வகையில் ஒருவர் கொண்டுவந்து தேக்கிய பொருள் வெளியேறிப் பிறர்க்குக் கேடு செய்தால், அவர் கவனக்குறைவாக இல்லாவிடினும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அவ்விதி. அவ்வழக்கில் வெளியேறியது ஒரு நீர்த்தேக்கத்தின் நீர்.

சென்னை மாகாணத்திலும் அதனை ஒத்த நிகழ்ச்சி நேர்ந்தது. பெருமழையில் கார்வேட்டிநகர் சமீன்தாரின் ஏரிகள் உடைந்து, பாய்ந்த நீர் தொடர்வண்டி நிறுவனத்தின் கட்டுமானங்களை அழித்தது. நிறுவனம் இழப்பீடு கேட்டது. தேக்கியவர் சமீன்தார், வெளியேறியது நீர், கேடு நேர்ந்தது பிறர்க்கு. இங்கிலாந்து விதி அப்படியே பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் 1874ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் வேறு முடிவுக்கு வந்தது. இந்நாட்டு ஏரிகள் தனியொருவர் தம் விருப்பத்திற்காகக் கட்டியவை அல்ல. தொன்றுதொட்டு வேளாண்மைக்காக இருப்பவை. அவற்றைக் காத்து வருவது சமீன்தாரின் கடமை. கைவிடும் உரிமை அவருக்கு இல்லை. எனவே கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால் அன்றி அவர் பொறுப்பாகார் எனத் தீர்ப்பாயிற்று.

இவ்வழக்கைப் படிக்கும் மாணவர், தொடர்வண்டிப் பாதை அழிந்ததே, யாரேனும் ஈடு செய்ய வேண்டாமா என்று இரக்கத்தால் கேட்கலாம். ஏரி வேண்டும் என்று உழவர் பக்கம் நின்றும் பேசலாம். இரண்டும் தேர்வின் வினாவுக்கு விடையாகா. விதி எந்தச் சூழலுக்காக எழுந்தது, அச்சூழல் இங்கு உண்டா, விதியின் எந்தச் சொல் நிகழ்ச்சியோடு பொருந்தவில்லை என்னும் மூன்று வினாக்களையே கேட்க வேண்டும்.  ஒரு சொல்லை விட்டுப் படிப்பவர் விடையையும் விட்டுவிடுவர்.

ஆண்டின் பகுப்பு

மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. நீர் இருப்பு வாய்த்த ஆண்டுகளில் சூன் 12 அன்று குறுவைக்காக அது திறக்கப்படுவது மரபு. திறப்பு தள்ளிப்போனால் குறுவையை விட்டுச் சம்பாவுக்கு ஆயத்தமாவது படுகையினரின் வழக்கம். ஒரு பருவம் தவறியதற்காக நிலத்தை அவர்கள் தரிசாக விடுவதில்லை. சூன் முதல் திசம்பர் வரையிலான ஏறத்தாழ இருபத்தாறு வாரங்களை மறுதேர்வு எழுதுவோர் மூன்று பருவங்களாகப் பகுத்துக்கொள்ளலாம்.

முதற்பருவம் உழவுக்குரியது. சூன், சூலை, ஆகத்து மாதங்களில் முழுத்தேர்வுகளை மிகுதியாக எழுத வேண்டியதில்லை. நாள்தோறும் படித்தல், பத்தாம் வகுப்பு அளவிலான விழுக்காடு, விகிதம், சராசரி ஆகிய கணக்குகளைத் திருத்திக்கொள்ளல், தருக்கப் பகுதிகளைக் கடிகாரமின்றிப் பொறுமையாகச் செய்தல் ஆகியவை போதும். வேகம் இப்போது வேண்டா. சரியாகப் படித்தலே நோக்கம்.

இரண்டாம் பருவம் களையெடுப்புக்குரியது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வாரத்திற்கு ஒரு முழுத்தேர்வை இரண்டு மணி நேரக் கட்டுப்பாட்டோடு எழுதலாம். எழுதிய மறுநாள் புதிய தேர்வை எழுதாமல், பிழையேட்டை நிரப்புதல் வேண்டும். பயிற்சித் தேர்வுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதையே முயற்சி எனப் பலர் கருதுகின்றனர். ஒரே பிழையை முப்பது தாள்களில் செய்பவர் அப்பிழையில் பயிற்சி பெறுகிறார். நான்கு வகைப் பிழைகளில் எது குறைகிறது, எது குறையவில்லை என்பதை வாரந்தோறும் எண்ணிப் பார்ப்பதே பயன் தரும்.

மூன்றாம் பருவம் காவலுக்குரியது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும், மின்சாரம் தடைபடலாம், வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் தேவைப்படலாம். தாளில் எழுதும் தேர்வு என்பதால் கைப்பேசியை மட்டும் நம்பாமல் முந்தைய வினாத்தாள்களை அச்சிட்டு வைத்துக்கொள்வது நன்று. இறுதி இரு வாரங்களில் புதிய நூலைத் தொடாமல், பிழையேட்டை மட்டும் படித்தல் வேண்டும்.

இப்பகுப்பைப் பின்பற்றிய மாணவி, அக்டோபர் மாதப் பயிற்சித் தேர்வொன்றில் 120 வினாக்களில் 96ஐ மட்டுமே எழுதினாள். 72 சரி; 24 தவறு; மதிப்பெண் 66. எழுதிய வினாக்கள் குறைந்தன, மதிப்பெண் 13.5 கூடிற்று.

வீட்டின் கணக்கு

மறுதேர்வு மாணவரின் தனி முயற்சி மட்டுமன்று. குடும்பத்தின் முடிவும் ஆகும். ஓராண்டு வீட்டில் இருப்பவளை உறவினர் கேள்வி கேட்பர். தேர்வுக் கட்டணமே சில ஆயிரம் ரூபாய். பெருநகரப் பயிற்சி மையங்களின் கட்டணம் அதனினும் பன்மடங்கு. குத்தகை உழவர் ஒருவரின் வீட்டில் அந்தப் பணம் அடுத்த பருவத்தின் உரத்திற்கும் கூலிக்கும் உரியது. ஆகவே விடாமுயற்சி என்னும் சொல்லை எளிதாகக் கூறிவிடல் ஆகாது. எவ்வளவு செலவாகும், எதுவரை முயல்வது, கிட்டாவிடில் அடுத்த வழி யாது என்பனவற்றைப் பெற்றோரும் பிள்ளையும் முன்னரே அமர்ந்து பேசுதல் வேண்டும்.

அடுத்த வழிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடைபெறுகிறது. நுழைவுத் தேர்வு இல்லை. கட்டணமும் குறைவு. பட்டப்படிப்பை முடித்தபின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரவும் வழியுண்டு. கல்லூரியில் சேர்ந்து பயின்றவாறே நுழைவுத் தேர்வை மீண்டும் எழுதுவோரும் உளர். வழக்கறிஞராவதே நோக்கம் எனில், தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் அதற்கான ஒரு வாயில் மட்டுமே.

தஞ்சை மண்ணில் 1832ஆம் ஆண்டு பிறந்து திருவாரூரில் வளர்ந்த முத்துசாமி ஐயர், இளமையில் வறுமையால் சிற்றூர்க் கணக்குப் பணியில் மாதம் ஒரு ரூபாய் ஊதியத்திற்கு உழைத்தவர். பின்னர்ச் சென்னையில் கல்வி கற்று, அரசுப் பணியில் இருந்தபடியே சட்டம் பயின்றார். 1877ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். 1893இல் தலைமை நீதிபதியாகப் பொறுப்பும் வகித்தார். அவர் நேர்வழியில் சென்றவர் அல்லர். கிடைத்த வழியில் சென்றவர்.

தடை மாணவரிடம் மட்டும் இருப்பதாகவும் கருதுதல் ஆகாது. சட்டப் பல்கலைக்கழகங்களில் நகர்ப்புற, ஆங்கிலவழி மாணவரே மிகுதியாக இருப்பதைக் கண்ட பேராசிரியர் சம்நாத் பசீர், 2010ஆம் ஆண்டு 'இடியா' என்னும் அமைப்பைத் தொடங்கினார். வாய்ப்புக் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளைக் கண்டறிந்து இந்நுழைவுத் தேர்வுக்குப் பயிற்றுவிப்பது அதன் பணி. தேர்வு நடத்தப்படும் முறையிலுள்ள குறைகளைக் களைய வேண்டி 2015இல் அவர் உச்ச நீதிமன்றத்தையும் நாடினார். மாணவர் தம்மைத் திருத்திக்கொள்ளும்போது, தேர்வும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்தாக இருந்தது. 2019இல் அவர் மறைந்த பின்னரும் அவ்வமைப்பு தொடர்கிறது.

இரண்டாம் தாள்

திசம்பரில் அம்மாணவி மீண்டும் தேர்வு எழுதச் சென்றாள். சம்பாப் பயிர் கதிர் வாங்கும் காலம் அது. தந்தை தொடர்வண்டி நிலையம் வரை உடன் வந்தார். முதல்முறை, எல்லாவற்றையும் எழுதிவிட்டு வா என்று சொல்லியனுப்பியவர், இம்முறை, படித்துவிட்டு எழுது என்று மட்டும் கூறினார். அவள் எடுத்துச் சென்ற பையில் பிழையேடு இல்லை. அதிலிருந்தவை அவள் நினைவுக்கு வந்துவிட்டன.

அவள் பெறும் தரவரிசையைத் தேர்வு முடிவு சொல்லும். இடையில் ஒன்று முன்னரே நிகழ்ந்துவிட்டது. ஊன்றிப் படிக்கும் பயிற்சிக்காக அவள் ஒருநாள் 1969ஆம் ஆண்டின் குத்தகைப் பதிவுச் சட்டத்தை எடுத்து, வரிவரியாகப் படித்தாள். யாரிடம், எவ்வாறு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதில் இருந்தது. அன்றிரவே தந்தைக்காக ஒரு விண்ணப்பம் எழுதினாள். அவள் எழுதிய முதல் சட்ட ஆவணம் அதுவே.

கலைச்சொல் அறிவோம்

நடுவர் மன்றம் – மாநிலங்களுக்கிடையேயான ஆற்றுநீர்ப் பூசலை ஆராய்ந்து தீர்க்க அமைக்கப்படும் மன்றம்
சாகுபடிக் குத்தகைதாரர் – பிறர் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றுத் தம் உழைப்பால் பயிரிடுபவர்
பிரிவி கவுன்சில் – ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டை விசாரித்த இலண்டன் அமைப்பு
தரவரிசை – மதிப்பெண் அடிப்படையில் தேர்வர்க்கு அளிக்கப்படும் இடம்

கற்பவை கற்றபின்

1. நீங்கள் அண்மையில் எழுதிய தேர்வொன்றின் விடைத்தாளை எடுத்து, பிழைகளைக் காரணப்படி வகைப்படுத்திப் பட்டியல் அமைக்க.
2. 'மறுமுறை தேர்வு எழுத ஓராண்டைச் செலவிடலாமா?' என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக. குடும்பச் சூழலையும் கருத்தில் கொள்க.
3. உங்கள் ஊரின் ஏரி, குளம் அல்லது வாய்க்காலைப் பேணும் கடமை யாருடையது என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்கத்தில் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சட்ட நுழைவுத் தேர்வில் 80 வினாக்கள் எழுதி, 64 சரியாகவும் 16 தவறாகவும் அமைந்தால் கிட்டும் மதிப்பெண்
அ) 64 ஆ) 62 இ) 60 ஈ) 48

2. காந்தியடிகள் இலண்டன் மெட்ரிகுலேசன் தேர்வில் முதல்முறை தேறாத பாடம்
அ) வேதியியல் ஆ) பிரெஞ்சு இ) இலத்தீன் ஈ) வெப்பமும் ஒளியும்

குறுவினா

1. மறுநடவு என்பது யாது?
2. பிழையேடு பாபநாச மாணவிக்கு உணர்த்திய உண்மை யாது?
3. குருட்டு ஊகத்தால் பெரும்பயனில்லை என்பதைக் கணக்கிட்டுக் காட்டுக.

சிறுவினா

1. கார்வேட்டிநகர் வழக்கில் இங்கிலாந்து விதி பொருந்தாமல் போனதற்கான காரணங்களை விளக்குக.
2. மறுதேர்வுக்காகக் காந்தியடிகள் செய்த மாற்றங்களைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா

1. 'தவறிய இடத்தை அறிந்து மாற்றுதலே மறுமுயற்சி' – பாடப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு நிறுவுக.